பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இரண்டு மருந்துகள்

சென்னைப் பட்டணத்துச் சாலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கோட்டையைப் பற்றி எழுதுவார்கள். கோவிலைப் பற்றி எழுதுவார்கள். கவர்னர் துரைமார்களின் மாளிகைகளைப் பற்றியும் அவர்கள் ஏறிப் போன குதிரைகளைப் பற்றியும் கூட எழுதுவார்கள். எந்தச் சாலையில் எந்த நோய்க்கு மருந்து தேடினார்கள் என்று யாரும் எழுதக் காணோம். நான் அம்பத்தூரில் குடியிருக்கிற கதைக்காரன். சரித்திர ஆசிரியனல்ல. ஆனாலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பற்றி அப்படி ஒரு சரித்திரம் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஓர் ஆசை.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகே தொடங்கி மேற்கே பூந்தமல்லியை நோக்கிப் போகும் அந்தச் சாலைக்கு ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்று பெயர் வைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் பஸ் கண்டக்டர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் அது ‘பூந்தமல்லி ஹைரோடு’தான். அதன் கிழக்கு முனையில் சென்னை மருத்துவக் கல்லூரியும் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. நடுவில் கீழ்ப்பாக்கம். அமைந்தகரையைத் தாண்டினால் அரும்பாக்கம். அங்கே அறிஞர் அண்ணா பெயரில் அரசினர் இந்திய மருத்துவ ஆஸ்பத்திரி. கிழக்கு முனைக் கல்லூரியில் படித்து வெளியேறிய ஒருவர், தமக்கே தெரியாமல், ஒரு தோல் நோய்க்கு மருந்து செய்துவிட்டுப் போனார். அதே நோய்க்கு அரும்பாக்கத்தில் சித்த வைத்தியர்கள் ஓர் இலையை எண்ணெயில் போட்டு வேறொரு மருந்து செய்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு மைல் தூரம். கால அளவில் அறுபது வருஷம்.

அந்த நோயை டாக்டர்கள் சோரியாசிஸ் என்பார்கள். சித்த மருத்துவத்தில் அதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். யூகி முனிவர் குட்டத்தைப் பதினெட்டாக வகுத்தார் என்பார்கள். தோல் கெடும் வியாதிகளையெல்லாம் ஒரே வீட்டுக் குழந்தைகளாக எண்ணிய காலம் அது. ஜனங்கள் வெறுமனே ‘படை’ என்று சொல்லிவிட்டு, சொன்ன கையோடு இரண்டடி தள்ளி நிற்பார்கள்.

நம் தோலில் அடியில் பிறக்கிற அணு மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய 28 நாள் ஆகும். நமக்குத் தெரியாமலேயே உதிர்ந்துகொண்டிருக்கிறோம். இந்த நோய் வந்த இடத்தில் அந்த யாத்திரை நாலைந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத தோல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, சிவந்த திட்டின் மேல் வெள்ளிச் செதிலாக நிற்கிறது. முழங்கை, முழங்கால், தலை, முதுகின் அடிப்பாகம் இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். நகத்தில் ஊசி குத்தியது போலக் குழி விழும். சிலருக்கு மூட்டுகளிலும் இறங்கிவிடும். தொட்டால் ஒட்டாது. உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களே வீட்டுக்குள் புகுந்து கலவரம் செய்வதால் வருகிற நோய் இது. பரம்பரையில் சிறிது வித்து இருக்கும். மீதி வேலையைத் தொண்டைப் புண், கவலை, காயம், சாராயம், புகை, சில மாத்திரைகள் இவை பார்த்துக்கொள்ளும். இந்தியாவில் நூறு பேருக்கு ஏறக்குறைய அரையிலிருந்து மூன்று பேர் வரை என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்படியானால், காலை எட்டு மணிக்கு ஆவடியிலிருந்து கிளம்பும் ஒரு மின்சார ரயிலில் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

என் பெரியப்பா அப்படி நின்றவர்களில் ஒருவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். இரும்புச் சுருள் தெறித்து முன்கையில் கீறினால், கீறல் ஆறுவதற்குள் அந்தக் கோட்டின் மேலேயே செதில் வரிசை கட்டிவிடும். ‘ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வருதுடா’ என்று காட்டுவார். கெப்னர் என்ற ஜெர்மானிய டாக்டர் 1870-களிலேயே இதைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. சித்திரை வெயிலில் நோய் ஒடுங்கும். மார்கழி பிறந்தால் எழும். ‘பொங்கலுக்கு எல்லார் வீட்டுக்கும் சொந்தக்காரர் வருகிற மாதிரி எனக்கு இது’ என்பார்.

இந்த நோயின் சரித்திரத்தில் முதல் அத்தியாயம் முழுவதும் ஆள்மாறாட்டம்தான். அது தன் சொந்தப் பெயரில் வாழவில்லை. தொழுநோயின் பெயரில் வாழ்ந்தது. சோரா என்றால் கிரேக்க மொழியில் சொறி. காலன் என்ற பழைய வைத்தியர் சோரியாசிஸ் என்ற சொல்லை உபயோகித்தபோது அவர் மனத்தில் இருந்தது கண்ணிமையில் வரும் வேறு ஏதோ அரிப்பு. லண்டனில் ராபர்ட் வில்லன் தோல் நோய்களைப் பார்த்துப் பார்த்துப் படம் போட்டு 1808 வரை புத்தகமாக வெளியிட்டுவந்தார். செதில் நோயை அவர் சரியாகத்தான் வர்ணித்தார். ஆனால் பெயர் வைக்கும்போது ‘லெப்ரா’ என்ற சொல்லையும் விடாமல் வைத்துக்கொண்டார். லெப்ரா என்றால் ஊரார் காதில் குஷ்டம். வியன்னாவில் ஹெப்ரா என்பவர் 1841-ல் அந்தச் சொல்லை வெட்டி எறிந்து, இது வேறு, அது வேறு என்று தீர்த்துச் சொன்னார். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் தொழுநோயாளிகளோடு சேர்த்து ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களில் செதில் நோய்க்காரர்களும் இருந்திருக்க வேண்டும் என்று சரித்திரம் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது அத்தனை கஷ்டமும் இல்லை. தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மங்கியிருக்கும். பஞ்சால் தொட்டாலும் தெரியாது. இதிலோ தொட்டால் தெரியும், அரிக்கவும் அரிக்கும். செதிலைப் பெயர்த்தால் அடியில் குண்டூசித் தலையளவு ரத்தப் பொட்டுகள் தெரியும். ஹெப்ரா சொல்லி 180 வருஷத்துக்கு மேல் ஆகிறது. சேதி இன்னும் எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து சேரவில்லை. பெரியப்பாவின் இரண்டாவது பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் காபி சாப்பிட்டுவிட்டு, அவர் நீட்டிய வெற்றிலைத் தட்டை மட்டும் தொடாமல் போனார்கள். இத்தனைக்கும் தொழுநோயே இன்று மாத்திரையில் தீருகிற வியாதி. 1982 முதல் கூட்டு மருந்து இருக்கிறது. ஆக, தீரக்கூடிய நோயின் பேரைச் சொல்லி, ஒட்டாத நோய்க்காரரை ஒதுக்கிவைக்கிறோம்!

எழுத்துக்காரர்களையும் இது விட்டதில்லை. நபக்கோவ் 1937-ல் பாரிஸில் இருந்தபோது இதனால் பட்ட வேதனையை மனைவிக்குக் கடிதங்களில் எழுதினார். அமெரிக்க நாவலாசிரியர் அப்டைக் தம் தோலோடு நடத்திய யுத்தத்தைப் பற்றி 1985-ல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். ஆள் முகத்தில் விழிக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதும் தாம் எழுத்தாளராக ஆனதற்கு ஒரு காரணம் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். வெயில் வேண்டும் என்பதற்காகக் கடற்கரை உள்ள ஊராகப் பார்த்துக் குடியேறினாராம். நமக்கோ வெயிலுக்குப் பஞ்சமில்லை. சட்டையைக் கழற்றத்தான் தைரியம் இல்லை.

இனி மருந்துக்கு வருவோம். முதல் நல்ல மருந்துக்கு நம் நாட்டோடு சம்பந்தம் உண்டு. பிரேஸிலில் ஒரு மரத்தின் உள்வயிரத்தில் மஞ்சள் நிறமாய் ஒரு பொடி இருக்கும். போர்ச்சுகீசியர் அதைக் கப்பலேற்றிக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். கோவாவிலிருந்து அது பம்பாய்க் கடைகளுக்குப் போய், படர்தாமரைக்கு மருந்தாக விற்றது. ‘கோவாப் பொடி’ என்றே அதற்குப் பெயர். லண்டன் டாக்டர் பால்மனோ ஸ்க்வயர் 1876-ல் அதைச் செதில் நோய்க்குப் போட்டுப் பார்த்தார், திட்டுகள் மறைந்தன. மறைந்ததோடு படுக்கை விரிப்பும் பனியனும் கறையாயின. மாத்தி எடுத்தாலும் போகாத கறை. முதல் மகாயுத்தத்தின்போது ஜெர்மனியில் 1916-ல் அதற்குப் பதிலாகச் செயற்கையாக ஒன்று செய்தார்கள். டித்ரனால் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது, கறையும் இருக்கிறது. 1925-ல் கோக்கர்மன் என்ற அமெரிக்கர் தார் பூசி ஒளி காட்டும் முறையைக் கொண்டுவந்தார். நம்முடைய கார்போகரிசியிலிருந்து 1933-ல் இந்திய ரசாயன நிபுணர்கள் பிரித்தெடுத்த சோரலென் என்ற சத்தின் இனத்தைச் சேர்ந்த மருந்தைக் கொடுத்து, மேலே புற ஊதா ஒளி பாய்ச்சும் சிகிச்சை 1974-ல் பாஸ்டனில் தொடங்கிற்று. இவற்றில் எதைச் செய்தாலும் நோய் போயிற்று. எதை நிறுத்தினாலும் சில மாதத்திலோ சில வருஷத்திலோ திரும்பி வந்தது.

இதற்குள் கார்ட்டிஸோன் என்ற மாயக்காரர் பிரவேசித்தார். 1950-ல் அதைக் கண்டவர்களுக்கு நோபல் பரிசு. 1952-ல் அதன் இனத்துக் களிம்பு தோலுக்கு வந்தது. தேர்ந்த டாக்டர் அளவாகக் கொடுத்தால் இதைப் போல நல்ல களிம்பு இல்லை. டாக்டர் இல்லாமல் நாமே வாங்கிப் பூசினால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பித்துவிடும். இந்தக் களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசாங்கம் 2018-ல் விதியை இறுக்கியது. விதி எழுதியவர்கள் ஒரு நாள் மாலை எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் வந்து நின்று பார்த்தால் நல்லது.

அதைவிட மோசம் ஊசியும் மாத்திரையும். பெரியப்பா ஒரு புறநகர் வைத்தியரிடம் போனார். ஊர் பேர் வேண்டாம். அவர் போட்ட ஊசியில் பத்தே நாளில் உடம்பு வழவழவென்று ஆகிவிட்டது. பெரியம்மா திருவேற்காட்டுக்குப் போய்க் கருமாரிக்கு மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தாள். மூன்று மாதம் ஊசி. பிறகு வைத்தியர் கடையைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போய்விட்டார். ஊசி நின்ற மூன்றாம் வாரம், முன்னே கையளவு இருந்தது உடம்பு முழுவதும் வந்தது. காய்ச்சலும் நடுக்கமும் சீழ்க் கொப்புளமுமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். ஸ்டீராய்டை உள்ளுக்குக் கொடுத்துச் சட்டென்று நிறுத்தினால் இந்த நோய் இப்படித்தான் பழிவாங்கும் என்பது தோல் வைத்தியம் படித்த எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி என்று பஸ்ஸில் போகும்போது சுவர்களைப் பாருங்கள். மூலம், வெண்குஷ்டம், சோரியாசிஸ் மூன்றையும் ஒரே வரியில் அடுக்கி, ‘அடியோடு குணம்’ என்று எழுதியிருக்கும். ஒரு மண்டலம் என்றும் சில சமயம் கெடு வைத்திருக்கும். என் அபிப்பிராயத்தில் இந்த நோயைவிட அதிகப் பணத்தையும் தூக்கத்தையும் தின்றது அந்த ‘அடியோடு’ என்ற ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையை நம்பினவர், நோய் திரும்பி வந்தவுடன் மருந்து பொய் என்று எண்ணுகிறார். வேறொரு சுவரைப் படிக்கிறார். நன்றாகக் கட்டுப்பட்டிருந்த மருந்தையும் நிறுத்திவிட்டு அங்கே போகிறார்.

ஏன் திரும்பி வருகிறது? அதுவும் அதே முழங்கையில், அதே இடத்தில்? இதற்குச் சமீப காலத்தில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. திட்டு மறைந்து தோல் பளிச்சென்று ஆன பிறகும், அந்த இடத்தில் சண்டை போட்ட வெள்ளணுக்களில் சில ஊருக்குப் போவதில்லை, அங்கேயே குடியிருந்துவிடுகின்றன. நினைவணுக்கள் என்று அவற்றுக்குப் பெயர். கலகம் அடங்கிய தெருவில் கலகக்காரர்கள் மாறுவேஷத்தில் கடை வைத்திருக்கிற மாதிரி. தொண்டையில் ஒரு கிருமி, வீட்டில் ஒரு சாவு, கையில் ஒரு கீறல், ஏதாவது ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், பழைய இடத்தில் பழைய கொடியை ஏற்றிவிடுகின்றன. ஆகையால் நோய் திரும்பி வந்தது என்று சொல்வதே அவ்வளவு சரியில்லை. அது போகவேயில்லை, ஓசை அடங்கிக் கிடந்தது.

இதைத் தெரிந்துகொண்டு சாலைக்குத் திரும்பினால், அந்த இரண்டு மருந்துகளின் கதையும் வேறு மாதிரி தெரியும்.

1921-ல் சென்னை அரசாங்கம் முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு வைத்தியத்தை விசாரிக்க ஒரு கமிட்டி போட்டது. அதன் அறிக்கை 1923-ல் வந்தது. அதன் பலனாக 1925-ல் கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. காப்டன் சீனிவாசமூர்த்தி அதன் தலைவர். சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றோடு இங்கிலீஷ் வைத்தியத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கிழக்கு முனைக் கல்லூரி டாக்டர்கள் இதை என்ன கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று ஊகிப்பது சிரமமில்லை. 1960-ல் அந்த இடம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாகி முழுக்க இங்கிலீஷ் வைத்தியத்துக்குப் போய்விட்டது. நாட்டு வைத்தியம் அதே சாலையில் இன்னும் மேற்கே நகர்ந்து அரும்பாக்கத்தில் போய் உட்கார்ந்தது. அங்கேதான் ஆஸ்பத்திரியோடு மத்திய அரசாங்கத்தின் சித்த ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது.

அந்த நிலையத்து வைத்தியர்கள் கையிலெடுத்தது வெட்பாலை. வறண்ட காடுகளிலும் ஊர்ப் புறம்போக்கிலும் வளர்கிற சிறு மரம். மல்லிகை போல வெள்ளைப் பூ. ஜோடி ஜோடியாகத் தொங்கும் நீளக் காய். இலையைக் கிள்ளினால் பால். அதன் கட்டையில்தான் சென்னப்பட்டணத்துப் பொம்மைகள் கடைகிறார்கள். இலையிலிருந்து ஒரு காலத்தில் நீலச் சாயம் எடுத்தார்கள். சாயம் ஒளிந்திருப்பதை எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். பச்சை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால், எண்ணெய் நாவற்பழ ரசம் போல ஊதாவாக மாறுகிறது. அடுப்பு வேண்டாம், நெருப்பு வேண்டாம், சூரிய புடம். இந்த எண்ணெயைக் காளாஞ்சகப்படைக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தைக் கிருஷ்ணமூர்த்தி, கலைமணி, வேலுச்சாமி என்ற மூவர் 1981-ல் ஆயுர்வேத சித்த ஆராய்ச்சிச் சஞ்சிகையில் எழுதினார்கள். ‘777 எண்ணெய்’ என்ற பெயர் பிறகு நாடெங்கும் பரவிற்று. மேற்புறநகர் வீடுகளில் மொட்டை மாடிச் சுவரின் மேல் கண்ணாடிச் சீசாவில் ஊதா எண்ணெய் வெயில் காய்ந்துகொண்டிருந்தால், அந்த வீட்டில் ஒருவருக்கு என்ன நோய் என்று எனக்குச் சொல்லத் தெரியும்.

பெரியப்பாவும் பூசினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பத்தியத்தோடு, ஒரு வருஷத்துக்கு மேல் பூசினார். அரும்பாக்கத்தில் அவரைப் பார்த்த வைத்தியர் ஒரு வார்த்தை சொன்னாராம்: ‘இது அடங்கும் ஐயா. பனிக்காலத்தில் மறுபடி தலை காட்டினால் பயப்படாமல் வாங்க.’ அதுவரை அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு எண்ணெயைவிட அந்த வார்த்தையின் மேல்தான் மரியாதை. எண்ணெயைப் பற்றி நடுநிலையாகச் சொல்ல வேண்டுமானால், அரிப்பையும் செதிலையும் தணிக்கிறது. லேசான நோய்க்கு உதவுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெறும் எண்ணெயும் கொடுத்துப் பார்க்கிற பெரிய பரீட்சைகளை அது எழுதியதில்லை. எழுத வைத்திருக்க வேண்டும். நம்மவர்கள் நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் பயப்படுகிறார்கள்.

மற்ற மருந்தின் கதை இன்னும் விசித்திரமானது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தவறி, சென்னைக்கு வந்து இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் தடவை தேறினார். (கல்லூரியைப் பாதியில் விட்டவனான எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடிக்கும்.) பிறகு மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் பேச்சைக் கேட்டு அந்நியத் துணியை விட்டவர், அறுவைச் சிகிச்சைக்குக் கதர் அங்கியோடு போய் நின்றார். பிராட்ஃபீல்டு என்ற வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. சர்க்கார் மருத்துவ சேவையிலும் இடமில்லை. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம் பார்த்தார்.

அந்த லட்சுமிபதிக்கு அவர் உயிர்க் கடன் பட்டிருந்தார். ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோயில் சகோதரர்கள் இருவர் எட்டு நாளுக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதே நோய் இவரையும் பிடித்தபோது பிழைக்க வைத்தது லட்சுமிபதியின் ஆயுர்வேதம். 1922-ல் கடல் கடந்து பாஸ்டனுக்குப் போனார். ராத்திரியில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை செய்துகொண்டு ஹார்வர்டில் படித்தார். 1940-ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய கூட்டத்தார் 1945-ல் ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகச் செய்தார்கள். ரத்தசோகைக்கு மட்டுமா? அவர் சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கும் அதுதான் மருந்து. இருபத்தைந்து வருஷம் தாமதமாக வந்தது.

ஃபோலிக் ஆசிட் அணுக்கள் பெருகுவதற்குச் சோறு. அந்தக் கூடத்திலேயே அந்தச் சோற்றைப் போலவே உருவமுள்ள போலிச் சோற்றையும் செய்தார்கள். அணு ஏமாந்து அதைத் தின்றால் பெருக முடியாமல் நின்றுவிடும். அமினோப்டெரின் என்று பெயர். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோயில் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். சில குழந்தைகள் எழுந்து உட்கார்ந்து விளையாடின. 1948 ஜூன் மாதம் அதைக் கட்டுரையாக வெளியிட்டபோது ஃபார்பர் தலைப்பிலேயே ‘தற்காலிகத் தணிவு’ என்று போட்டார். அதுவரை ஒருவரும் செய்யாத காரியத்தைச் செய்துவிட்டு, அவர் தலைப்பில் வைத்த வார்த்தை ‘தற்காலிகம்’! எங்கள் சாலைச் சுவர்களை நினைத்துப் பார்த்தேன். சுப்பாராவ் அந்த ஆகஸ்டில் 53 வயதில் தூக்கத்திலேயே இறந்தார். இந்தியாவுக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

மூன்று வருஷம் கழித்து, 1951-ல், கப்னர் என்ற அமெரிக்க டாக்டர் மூட்டுவாதத்துக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தார். மூட்டு எப்படியோ போகட்டும், நோயாளியின் தோலில் இருந்த செதில் திட்டுகள் மறைவதைக் கண்டார். சுப்பாராவின் கணக்கிலேயே இல்லாத நோய்! அதே குடும்பத்தின் தம்பியான மெதொட்ரெக்ஸேட் கொஞ்சம் சாதுவானது என்று தெரிந்ததும், தோல் வைத்தியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1972-ல் அமெரிக்க அரசாங்கம் சோரியாசிஸுக்கு அதை அங்கீகரித்தது. இன்றைக்கும் கடுமையான நோய்க்கு ஏழை எளியவருக்குக் கட்டுப்படியாகும் மருந்து உலகத்தில் எது என்றால் இதுதான். கதர் கட்டியதற்காகப் பட்டம் மறுக்கப்பட்டவரின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்த மாத்திரையைத்தான், அவரைக் குறைத்து மதிப்பிட்ட அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் பெரியப்பாவுக்குக் கொடுத்தார்கள்.

பிறகு வந்தவை பணக்கார மருந்துகள். கலகம் செய்யும் அணுக்களின் தபாலை வழியிலேயே மடக்கிவிடும் ஊசிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வரிசையாக வந்தன. பெங்களூரில் பயோகான் கம்பெனி 2013-ல் இட்டோலிஸுமாப் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. இவற்றில் சிலவற்றைப் போட்டால் மார்பில் தூங்கும் காசநோய் விழித்துக்கொள்ளும் என்பதால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். நூற்றுக்கு நூறு தோல் சுத்தமாகிறவர்கள் உண்டு. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வருகிறது. லட்ச ரூபாயும் ஊதா எண்ணெயும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். 2014-ல் உலக சுகாதார சபை கூடி சோரியாசிஸைப் பற்றித் தீர்மானம் போட்டபோது, நாள்பட்டது, ஒட்டாதது, வேதனை தருவது, உருவைக் கெடுப்பது, முடமாக்குவது, குணப்படுத்த மருந்தில்லாதது என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். கடைசி விசேஷணத்தை எடுத்துவிடும் நாள் வரலாம். ஆராய்ச்சி அந்தப் பழைய குடியிருப்பு அணுக்களைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது.

மெதொட்ரெக்ஸேட்டில் ஒரு பயங்கரம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பிரயோஜனம் இல்லை. சோரியாசிஸுக்கு அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மருந்து. மாத்திரை சின்னதாக, மஞ்சளாக, சாதுவாக இருக்கும். தினம் ஒன்று என்று நினைத்துச் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்தம் வற்றி உயிர் விட்டவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். ஈரலையும் ரத்தத்தையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும், மது கூடாது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

ஆகையால் விவரமறிந்த டாக்டர்கள் சீட்டில் வெறும் ‘வாரம் ஒரு முறை’ என்று எழுதுவதோடு விடுவதில்லை. கிழமையைக் கேட்டு எழுதுகிறார்கள். பெரியப்பாவுக்குப் பட்டறை லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமை. சீட்டில் மேல் வரியில் ‘ஞாயிறு மட்டும் மெதொட்ரெக்ஸேட்’. கீழ் வரியில், அதன் விஷம் மற்ற அணுக்களைத் தாக்காதிருக்க, ‘திங்கள் முதல் சனி வரை ஃபோலிக் ஆசிட்’. மேல் வரியும் கீழ் வரியும் சுப்பாராவ் வீட்டுச் சரக்கு. அந்தச் சீட்டின் ஓரத்தில் பெரியப்பா தம் கையெழுத்தில் மூன்றாவதாக ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘குளித்தபின் வெட்பாலை’.